பள்ளிச் சிறுவர் தின்பண்டமும் உடற்பருமனும்

நம் நாட்டில் பள்ளிக் குழந்தைகளின் உணவைப் பற்றிய சிந்தனை பசியிலிருந்தே தொடங்கிற்று. 1920-ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த தன் பள்ளியொன்றில் மாணவர்க்குப் பகலுணவு அளிக்க முற்பட்டது. 1956-ல் காமராசர் ஆட்சியில் அம்முயற்சி சென்னை மாநிலமெங்கும் பரவலாயிற்று. கேரளத்தில் 1984 டிசம்பரில், மீனவர் வாழும் கடலோரப் பகுதிகளின் தொடக்கப் பள்ளிகளில் பகலுணவுத் திட்டம் முதலில் வேரூன்றிப் பின்னர் ஏனைய பள்ளிகளுக்கும் விரிவடைந்தது. 1995 ஆகஸ்டு 15-ல் மத்திய அரசின் தேசியத் திட்டம் பிறந்தது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் தொடக்கநிலைக் குழந்தைகளுக்குச் சமைத்த உணவே வழங்கப்படல் வேண்டுமென்று 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

இம்முயற்சிகள் அனைத்துக்கும் குறிக்கோள் ஒன்றே: வெறும் வயிற்றோடு எக்குழந்தையும் பாடம் கேட்கலாகாது. அக்குறிக்கோள் இன்னும் முழுமையாக நிறைவேறிவிடவில்லை. எனினும், அதே வகுப்பறையில் அதற்கு நேர்மாறான மற்றொரு பிரச்சினையும் இப்பொழுது தலைகாட்டியுள்ளது. ஒரு பலகையில் அமர்ந்திருக்கும் இரு சிறுவருள் ஒருவன் தேவைக்குக் குறைவாக உண்டு மெலிந்திருக்கிறான். மற்றவன் தேவைக்கு மிகுதியாக உண்டு பருத்திருக்கிறான். இந்நிலையில் பள்ளிகள் மாணவரின் தின்பண்டங்களுக்கு வரம்பு கட்டுதல் தகுமா, கட்டினால் பயன் விளையுமா என்னும் வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நோய்த் தடுப்பு வழிகள் பலவற்றைச் சோதித்துப் பார்த்த கேரளமும், அதன் தலைநகரமாகிய திருவனந்தபுரமும் இவ்வாராய்ச்சிக்குத் தக்க களமாக அமைகின்றன.

உடற்பருமன் என்பது யாது?

உடலில் கொழுப்பு, நலத்திற்குக் கேடு விளைக்கும் அளவுக்கு மிகுதியாகச் சேர்ந்திருக்கும் நிலையே உடற்பருமன் எனப்படும். இதனை அளவிட எளிய வழியொன்று உண்டு. ஒருவரின் எடையைக் கிலோகிராமில் கணக்கிட்டு, அதனை மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே உடல் நிறை எண் ஆகும். வளர்ந்தவர்களுக்கு இவ்வெண் 25-ஐ எட்டினால் மிகை எடையென்றும், 30-ஐ எட்டினால் உடற்பருமன் என்றும் உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது.

குழந்தைகளுக்கு இவ்வளவுகள் பொருந்தா. வளரும் பருவத்தில் உடலின் அமைப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அவரவர் வயதுக்கும் பாலுக்கும் உரிய அட்டவணையோடு ஒப்பிட்டே முடிவு காணல் வேண்டும். எடுத்துக்காட்டாக, 10 வயதுச் சிறுவன் ஒருவன் 1.40 மீட்டர் உயரமும் 40 கிலோ எடையும் உடையவன் என்று கொள்வோம். உயரத்தின் வர்க்கம் 1.96, ஆகவே அவனது எண் ஏறக்குறைய 20.4 ஆகும். இதே எண்ணைக் கொண்ட வளர்ந்த மனிதர் ஒருவர் முற்றிலும் சராசரி உடலினர். ஆனால் 10 வயதுச் சிறுவர்க்கு 18.5-ஐத் தாண்டினாலே மிகை எடை என்றும், 21.4-ஐத் தாண்டினால் உடற்பருமன் என்றும் அட்டவணை கூறுகிறது. எனவே இச்சிறுவன் மிகை எடை உடையவனாவான். கண்ணுக்குக் 'கொழுகொழு'வென்று தோன்றுவதைக் கொண்டோ, தோன்றாமையைக் கொண்டோ பெற்றோர் முடிவு செய்வது ஏன் தவறாக முடிகிறது என்பது இதனால் விளங்கும்.

இந்தியக் குழந்தைகளைப் பொறுத்த வரையில் மற்றொரு நுட்பமும் கருதத்தக்கது. புணே நகரை அடுத்த சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள், அவை சுமார் 2.7 கிலோ எடையே உடையனவாக இருந்தும், ஐரோப்பியக் குழந்தைகளோடு ஒப்பிடுகையில் தசை குறைந்தும் கொழுப்பு அவ்வளவாகக் குறையாமலும் இருக்கக் கண்டனர். அதாவது, மெலிந்த உடலிலும் கொழுப்பின் பங்கு மிகுந்திருக்கலாம். இத்தகைய உடல், பிற்காலத்தில் உணவு மிகும்பொழுது நீரிழிவுக்கு எளிதில் இரையாகிறது.

கேரளத்தின் நிலை

2022-ஆம் ஆண்டில் 5 முதல் 19 வயதுக்குட்பட்ட உடற்பருமனுடைய சிறார் இந்தியாவில் ஏறக்குறைய 1 கோடியே 25 இலட்சம் பேர் இருந்தனர் என்று 2024-ல் வெளியான உலகளாவிய ஆய்வொன்று மதிப்பிட்டது. 1990-ல் இத்தொகை சுமார் 4 இலட்சமே. 2025-ல் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் அவ்வயதினருள் எடை குறைந்தோர் நூற்றுக்கு 9.2 பேராகவும், உடற்பருமனுடையோர் 9.4 பேராகவும் உள்ளனர். பருத்தோர் தொகை மெலிந்தோர் தொகையை விஞ்சியது இதுவே முதன்முறை. ஆயினும் தெற்காசியாவில் மெலிந்தோரே இன்றும் மிகுதி என்பதை நாம் மறத்தலாகாது.

கேரளத்தில் இவ்விரு போக்குகளும் ஒருங்கே காணப்படுகின்றன. 2019-21-ல் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணிப்பின்படி, அம்மாநிலத்துப் பெண்களுள் நூற்றுக்கு 38 பேரும் ஆண்களுள் 36 பேரும் மிகை எடை உடையோர். நாடு முழுமைக்கும் இவ்வெண்ணிக்கை முறையே 24, 23 என்ற அளவிலேயே இருந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட கேரளக் குழந்தைகளுள் மிகை எடையினர் நூற்றுக்கு 4 பேர். ஆனால் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் 23 பேர். இதற்கு முந்தைய கணிப்பில் உயரம் குன்றியோர் 20 பேருக்கும் குறைவாகவே இருந்தனர் என்பது கவலைக்குரியது. ஒரே காலத்தில் பருமனும் ஏறியது, வளர்ச்சிக் குறைவும் ஏறியது.

பள்ளிச் சிறாரைப் பற்றிய சிறப்பான ஆய்வொன்று எர்ணாகுளம் மாவட்டத்தில் நடைபெற்றது. 24,842 மாணவரை அளந்த அவ்வாய்வு, மிகை எடையினர் 2003-ல் நூற்றுக்கு 4.94 பேராக இருந்து 2005-ல் 6.57 பேராக உயர்ந்ததை வெளிப்படுத்திற்று. இவ்வுயர்வு தனியார் பள்ளிகளிலேயே காணப்பட்டது. மேலும், மிகை எடை உடைய சிறாருள் நூற்றுக்கு 17 பேருக்கும் ஏனையோருள் 10 பேருக்கும் இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது. முதியோர் நோயெனக் கருதப்பட்டது பள்ளிப் பருவத்திலேயே கால்கொள்வதை இஃது உணர்த்துகிறது.

இதன் முடிவு எங்குக் கொண்டுபோய் விடும் என்பதற்கு வேறோர் எண்ணே போதுமான சான்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான நாடளாவிய ஆய்வில், கேரளத்து வளர்ந்தோருள் நூற்றுக்கு 25.5 பேர் நீரிழிவுடையோர் எனத் தெரிய வந்தது. வளர்ந்தபின் பழக்கத்தை மாற்றுதல் எளிதன்று என்பதும் திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே மெய்ப்பிக்கப்பட்டது. அங்கு 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுந்த 1,007 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தப்பட்டது. ஒரு சாராருக்கு அண்டை அயலார் குழுக்களின் வாயிலாக உணவு, உடற்பயிற்சி ஆகியன பற்றிய ஊக்கம் ஓராண்டுக் காலம் அளிக்கப்பட்டது. அவர்களது பழக்கங்கள் சில சீர்பட்டன; ஆயினும் இரண்டாண்டு முடிவில் புதிதாக நீரிழிவு கண்டோரின் விழுக்காடு ஊக்கம் பெற்றவரிடத்தில் 14.9 ஆகவும், பெறாதவரிடத்தில் 17.1 ஆகவும் இருந்தது. இவ்வேறுபாடு உறுதியாகக் கூறத்தக்க அளவுக்குப் பெரிதன்று என்று ஆய்வாளரே 2018-ல் தெரிவித்தனர். ஆகவே, பழக்கம் உருவாகும் இளமையிலேயே தடுப்பு தொடங்க வேண்டும் என்னும் கருத்து வலுப்பெறுகிறது.

தின்பண்டம் உடலில் என்ன செய்கிறது?

ஒரு கிராம் சர்க்கரையும் ஒரு கிராம் புரதமும் தலைக்கு 4 கலோரி சக்தி தருகின்றன. ஒரு கிராம் கொழுப்போ 9 கலோரி தருகிறது. உணவில் நீர் மிகுந்திருந்தால் அதன் சக்திச் செறிவு குறையும். நீர் நீங்கி எண்ணெய் புகுந்தால் செறிவு பன்மடங்கு உயரும். இதற்குக் கேரளத்து நேந்திரன் வாழையே சிறந்த உதாரணம். ஆவியில் வேகவைத்த நேந்திரம்பழம் 100 கிராமில் ஏறக்குறைய 120 கலோரி உண்டு. அதே நேந்திரனின் காயைச் சீவித் தேங்காயெண்ணெயில் வறுத்த உப்பேரி 100 கிராமில் 500 கலோரிக்கும் மிகுதியாக உண்டு. முன்னதை ஒரு சிறுவன் உண்டால் வயிறு நிறையும். பின்னதை அதே எடையளவு உண்ட பின்னும் கை பொட்டலத்தை நாடும். தேங்காயெண்ணெயின் கொழுப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு என்பதையும் இங்குக் கருத வேண்டும்.

இனிப்புப் பானங்களின் கணக்கு இன்னும் தெளிவானது. 7 முதல் 9 வயதுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,700 கலோரி தேவை. உணவுக்குப் புறம்பாகச் சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து பெறும் சக்தி மொத்தத்தில் நூற்றுக்கு 10 பங்குக்குள்ளும், இயன்றால் 5 பங்குக்குள்ளும் அடங்குதல் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 1,700-ல் 5 பங்கு 85 கலோரி. அதாவது சுமார் 21 கிராம் சர்க்கரை. புட்டியில் விற்கப்படும் இனிப்புப் பானம் 300 மில்லிலிட்டரில் ஏறக்குறைய 32 கிராம் சர்க்கரை அடங்கியுள்ளது. ஒரு புட்டியிலேயே ஒரு நாளின் பங்கு தீர்ந்து, மறுநாள் பங்கிலும் பாதி செலவாகிவிடுகிறது. அன்றியும், மென்று உண்ணும் உணவைப் போல் குடிக்கும் சர்க்கரை பசியை அடக்குவதில்லை. ஆதலால் அடுத்த வேளை உணவு அதற்கேற்பக் குறைவதும் இல்லை.

பொட்டலத் தின்பண்டங்களின் இயல்பை 2019-ல் அமெரிக்காவில் நடந்த சோதனையொன்று விளக்கிற்று. 20 வளர்ந்தோர் ஆய்வுக்கூடத்திலேயே தங்க வைக்கப்பட்டு, இரு வாரங்கள் தொழிற்சாலையில் பெரிதும் பக்குவம் செய்யப்பட்ட உணவும், இரு வாரங்கள் எளிய முறையில் சமைத்த உணவும் பெற்றனர். முன்வைக்கப்பட்ட உணவின் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார் ஆகியவை இரு காலங்களிலும் சமமாகவே இருந்தன. வேண்டிய மட்டும் உண்ணலாம். எனினும் தொழிற்சாலை உணவு பெற்ற காலத்தில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி மிகுதியாக உண்டனர். இரு வாரத்தில் ஏறக்குறைய 0.9 கிலோ எடை கூடினர். மனவுறுதியின்மையே பருமனுக்குக் காரணம் என்போர் இச்சோதனையை எண்ணிப் பார்த்தல் நலம். உணவின் அமைப்பே மிகையாக உண்ணத் தூண்டும்பொழுது, பத்து வயதுச் சிறுவனின் மனவுறுதியை நம்பியிருத்தல் பொருந்தாது.

ஆயினும் கலோரியை மட்டும் கொண்டு தின்பண்டத்தை எடை போடுதலும் பிழையாகும். நிலக்கடலை 100 கிராமில் 560 கலோரிக்குக் குறையாமல் உண்டு; ஆனால் அதில் 25 கிராம் புரதமும் உண்டு. மெலிந்த குழந்தைக்கு ஒரு கைப்பிடி நிலக்கடலையோ, கொண்டைக்கடலைச் சுண்டலோ அமுதமாகும். சத்தின்றிச் சக்தியை மட்டும் தரும் பண்டமே கட்டுப்பாட்டுக்குரியது.

திருவனந்தபுரத்தில் பிறந்த வரி

2016 ஜூலை 8-ஆம் நாள், திருவனந்தபுரத்திலுள்ள கேரளச் சட்டமன்றத்தில், அன்றைய நிதியமைச்சர் தாமஸ் ஐசக் திருத்திய வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தார். வணிகப் பெயர் பெற்ற உணவகங்களில் விற்கப்படும் பர்கர், பீட்சா, டோநட், பாஸ்டா முதலியவற்றின் மீது 14.5 விழுக்காடு வரி அதில் விதிக்கப்பட்டது. 'கொழுப்பு வரி' என மக்களால் வழங்கப்பட்ட இது, இந்தியாவில் அவ்வகையில் முதலாவது. இதனால் ஆண்டுக்கு 10 கோடி ரூபாய் கிடைக்குமென எதிர்பார்க்கப்பட்டது. 2017 ஜூலை 1-ல் நாடு முழுதும் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபொழுது இவ்வரி மறைந்தது. ஓராண்டுக்கும் குறைந்த ஆயுளையே அது பெற்றிருந்ததால், மக்களின் உடல் எடையில் அதன் விளைவு யாது என்று அளந்து கூற இயலாது.

எனினும் அதன் அமைப்பிலிருந்து ஒரு பாடம் பெறலாம். வரி பெரிய உணவகங்களின் அயல்நாட்டுப் பண்டங்களையே தொட்டது. கேரளத்துச் சிறுவர் அன்றாடம் உண்பன பெரும்பாலும் அவை அல்ல. தேநீர்க் கடையின் பழம்பொரியும் பருப்பு வடையும், பேக்கரியின் பஃப்ஸும் கேக்கும், பெட்டிக்கடையில் தொங்கும் சிறு பொட்டலங்களும், சாயமிட்ட ஐஸ் குச்சிகளுமே அவர்தம் தின்பண்டங்கள். பெயரில் அயல்மணம் வீசுவதால் ஒரு பண்டம் கேடுடையதாகிவிடாது. ஊர்ப் பண்டம் என்பதால் நலமுடையதாகவும் ஆகிவிடாது. ஒரே எண்ணெயில் பலமுறை பொரித்த வடையைக் காட்டிலும் பர்கர் தாழ்ந்தது என்று எந்த விஞ்ஞானமும் கூறவில்லை. மீண்டும் மீண்டும் சூடேறிய எண்ணெயில் தோன்றும் மொத்தத் துருவச் சேர்மங்கள் நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டினால் அவ்வெண்ணெய் பயன்படலாகாதென 2018 ஜூலை முதல் விதி உள்ளது. பள்ளியைச் சூழ்ந்த கடைகளில் இவ்விதி காக்கப்படுகிறதா என்று நோக்குதல், பர்கருக்கு வரி விதிப்பதினும் நெருங்கிய பயனளிக்கும்.

ஐம்பது மீட்டர் எல்லை

பள்ளித் தின்பண்டங்களை நேரே குறிவைத்த முயற்சி தில்லியில் தொடங்கிற்று. 2010-ல் தொண்டு நிறுவனமொன்று தொடுத்த பொதுநல வழக்கில், 2015 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம், பள்ளி உணவுக்கு நெறிமுறைகள் வகுத்துச் செயல்படுத்துமாறு பணித்தது. இதன் தொடர்ச்சியாக இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 செப்டம்பரில் ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. நிறைவுற்ற கொழுப்பு, மாறுபக்கக் கொழுப்பு, சேர்க்கப்பட்ட சர்க்கரை, சோடியம் ஆகியவை மிகுந்த உணவுகளைப் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையிலோ, விடுதிச் சமையலறையிலோ, பள்ளி வளாகத்திலிருந்து எத்திசையிலும் 50 மீட்டருக்குள்ளோ மாணவர்க்கு விற்றலாகாது. விளம்பரம் செய்தலும் இலவசமாக அளித்தலும் கூடாது.

விதியின் நோக்கம் நன்று. செயலாக்கத்தில் இடர்கள் உள. முதலாவது, 50 மீட்டர் என்பது ஒரு சிறுவன் ஒரு நிமிடத்திற்குள் நடந்து கடக்கும் தொலைவு. திருவனந்தபுரம் போன்ற நெருக்கமான நகரில் அவ்வெல்லைக்குச் சற்று அப்பாலேயே கடைகள் வரிசையாக நிற்கும். இரண்டாவது, பொட்டலப் பண்டத்தில் சர்க்கரை, உப்பு ஆகியவற்றின் அளவு அச்சிடப்பட்டிருக்கும். வாயிலருகே உப்புநீரில் ஊறிய நெல்லிக்காயையும் மாங்காய்த் துண்டையும் விற்கும் முதியவளிடம் அத்தகைய குறிப்பு ஏது? மூன்றாவது, எல்லைக் கோட்டின் சுமை பெருநிறுவனங்களைக் காட்டிலும் இத்தகைய சிறு விற்பனையாளர்மீதே முதலில் விழுகிறது. அவர்களை விரட்டுவதைவிட, அவித்த கடலை, சுண்டல், பழத்துண்டு, இளநீர் ஆகியவற்றை விற்க வழிகாட்டுதல் அறமும் அறிவுடைமையும் ஆகும்.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025 மே மாதத்தில் வேறு வழியொன்றை மேற்கொண்டது. 4 முதல் 10 வயதுக் குழந்தைகள் பெறும் சக்தியில் நூற்றுக்கு 13 பங்கும், 11 முதல் 18 வயதினர் பெறுவதில் 15 பங்கும் சர்க்கரையிலிருந்து வருவதாகக் குறிப்பிட்டு, பள்ளிகளில் 'சர்க்கரைப் பலகை' அமைக்குமாறு அது அறிவுறுத்தியது. வழக்கமான தின்பண்டங்களிலும் பானங்களிலும் எவ்வளவு சர்க்கரை உண்டு என்பதை மாணவர் கண்ணாரக் காணுமாறு வைப்பதே இதன் கருத்து. தடையினால் பண்டம் மறையும். பலகையினால் அறிவு வளரும். இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாவனவே தவிர ஒன்றுக்கொன்று மாற்றாகா.

பிற நாடுகளின் அனுபவம்

சிலி நாட்டில் 2016 முதல் சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, சக்தி ஆகியவை மிகுந்த உணவுகளின் உறைமீது கறுப்பு எச்சரிக்கை முத்திரை இடப்படுகிறது. முத்திரை பெற்றவற்றைப் பள்ளியில் விற்க முடியாது. இச்சட்டத்தின் முதற்கட்டத்தில் இனிப்புப் பானக் கொள்முதல் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தது. மெக்சிகோ 2025 மார்ச்சு இறுதியில் இத்தகைய தடையைப் பள்ளிகளில் நாடு தழுவ நடைமுறைப்படுத்திற்று. அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் பள்ளிப் பகலுணவும், பின்னர் அங்கு விற்கப்படும் சிற்றுண்டியும் சீர்திருத்தப்பட்டன. அதன்பின் நடந்த ஆய்வொன்றில், மாணவர் அனைவரையும் சேர்த்து நோக்குங்கால் பருமன் குறைந்ததாகத் தெளிவாகத் தெரியவில்லை. வறிய குடும்பத்துக் குழந்தைகளிடத்தில் மட்டும் அது குறைந்தது.

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான மதிப்பீடும் இதே கருத்தைத் தருகிறது. பள்ளியில் தின்பண்ட விற்பனைக்கு வரம்பு கட்டினால் இனிப்புப் பானமும் சத்தற்ற தின்பண்டமும் உண்ணும் பழக்கம் குறைகிறது. ஆனால் உடல் எடை குறைந்ததாக உறுதியான சான்று இல்லை. இதில் வியப்பொன்றும் இல்லை. பள்ளி, குழந்தையின் நாளில் ஒரு பகுதியை மட்டுமே ஆள்கிறது. வீடும் கடைவீதியும் தொலைக்காட்சியும் கைப்பேசியும் மீதியை ஆள்கின்றன. ஆதலால், தின்பண்டத் தடை ஒன்றினாலேயே பருமன் ஒழியும் என்று உறுதி கூறுதல் விஞ்ஞான முறையாகாது. பழக்கத்தைத் திருத்தும் பல கருவிகளுள் அதுவும் ஒன்று என்று கூறுவதே பொருந்தும்.

மறுப்பும் அதன் மதிப்பும்

கட்டுப்பாட்டை மறுப்போர் கூறும் வாதங்கள் மூன்று. குழந்தை எதை உண்ண வேண்டும் என்று தீர்மானிப்பது பெற்றோர் உரிமை என்பது முதல் வாதம். இது பெரிதும் உண்மை. எனினும், வீட்டிலிருந்து கொண்டுவரும் உணவு வேறு. பள்ளியே தன் வளாகத்தில் விற்கும் உணவு வேறு. பின்னதில் பள்ளி விற்பனையாளராகவும் காவலராகவும் ஒருங்கே நிற்கிறது. பாடநூலில் 'சர்க்கரையைக் குறை' என்று கற்பித்துவிட்டு, இடைவேளையில் சர்க்கரை நீரை விற்று வருவாய் ஈட்டுதல் தன் சொல்லைத் தானே மறுப்பதாகும்.

மெலிந்த குழந்தைக்குத் தின்பண்டமும் ஒரு துணையுணவுதானே என்பது இரண்டாவது வாதம். 2016-18-ல் நடந்த தேசிய ஊட்டச் சத்துக் கணிப்பில், 10 முதல் 19 வயதினருள் மெலிந்தோர் நூற்றுக்கு 24 பேர். மிகை எடையினர் 5 பேர் மட்டுமே. ஆகவே இவ்வாதம் மூன்றனுள் வலியது. காலையில் ஒன்றும் உண்ணாமல் வரும் குழந்தையின் கையிலிருந்து பத்து ரூபாய்ப் பொட்டலத்தைப் பறித்து, அதற்கு ஈடாக ஒன்றும் தராமல் விடுவது கட்டுப்பாடு அன்று, கொடுமை. சத்தற்றதை விலக்கும் பள்ளி, சத்துள்ளதை வழங்கும் கடமையையும் உடன் ஏற்றல் வேண்டும்.

பருத்த குழந்தை நாணமடையும் என்பது மூன்றாவது வாதம். மாணவரை வரிசையில் நிறுத்தி எடை பார்த்து உரக்கக் கூறுவதும், ஒரு சிலரை மட்டும் பெயர் சுட்டி உணவைத் தடுப்பதும் மனத்தில் ஆறாத வடுவை உண்டாக்கும். பெருந்தீனி ஒரு குற்றம் என்னும் எண்ணம் புகுந்தால், குழந்தை ஒளித்து உண்ணக் கற்குமேயன்றி அளவாக உண்ணக் கற்காது. எனவே விதி எதுவாயினும் அனைவர்க்கும் பொதுவாதல் வேண்டும். எடை பார்த்தல் தனித்தும் கமுக்கமாகவும் நிகழ்தல் வேண்டும்.

பள்ளிகள் செய்யத்தக்கவை

கேரளம் அண்மையில் மேற்கொண்ட சில நடவடிக்கைகள் இத்திசையில் அமைந்துள்ளன. 2025 பிப்ரவரியில், அங்கன்வாடியில் உப்புமாவுக்கு மாற்றாகப் பிரியாணி வேண்டும் என்று ஒரு மழலை கேட்ட செய்தி மாநிலமெங்கும் பரவிற்று. அதனை நகைத்து ஒதுக்காமல், ஜூன் மாதத்தில் அரசு அங்கன்வாடி உணவுப் பட்டியலையே திருத்திற்று. முட்டைப் பிரியாணி சேர்ந்தது; முட்டையும் பாலும் வாரத்தில் இரு நாளுக்குப் பதிலாக மூன்று நாள் வழங்கப்படுமென அறிவிக்கப்பட்டது; அதே சமயம் சர்க்கரையும் உப்பும் குறைக்கப்பட்டன. அம்மாதமே பள்ளிப் பகலுணவிலும் முட்டைச் சாதம், எலுமிச்சைச் சாதம், காய்கறிப் பிரியாணி போன்ற புதிய வகைகள் சேர்க்கப்படுமென அறிவிக்கப்பட்டது. சுவையும் சத்தும் பகையல்ல என்பதை இத்திருத்தம் காட்டுகிறது. பள்ளியில் கிடைக்கும் உணவு குழந்தைக்குப் பிடித்தமானதாயின், வாயிலருகே உள்ள கடையின் ஈர்ப்பு தானே குறையும்.

இவற்றோடு வேறு சில செயல்களும் சேர்தல் நலம். குடிப்பதற்குத் தூய நீர் எளிதில் கிடைக்குமாயின் இனிப்புப் பானத்தின் தேவை குறையும். தேசியத் திட்டப்படி தொடக்கநிலை மாணவர்க்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், அதற்கு மேல் எட்டாம் வகுப்பு வரையிலுள்ளோர்க்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் பகலுணவில் கிடைத்தாக வேண்டும். இவ்வளவு முறையாகத் தட்டை அடைகிறதா என்று கண்காணித்தல் இன்றியமையாதது. உயர்நிலை வகுப்பு மாணவர்க்கு இத்திட்டம் எட்டாமையால், சிற்றுண்டிச் சாலையின் சீர்மை அவர்களுக்கு இன்னும் முக்கியமாகிறது. ஆவியில் வெந்த கொழுக்கட்டை, இலையடை, பயறு, சுண்டல், வேகவைத்த நேந்திரம்பழம் போன்றவை கேரளத்துக்குப் புதியன அல்ல. அவற்றை மலிந்த விலையில் முன்னிறுத்துதலே வேண்டற்பாலது.

உடலியக்கத்தைக் குறிப்பிடாமல் இப்பொருளை முடிக்க இயலாது. 5 முதல் 17 வயதினர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடல் வியர்க்க இயங்குதல் வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வீட்டு வாயிலில் வண்டியேறி, பள்ளி வாயிலில் இறங்கி, மாலையில் தனிப்பயிற்சிக்குச் செல்லும் நகரச் சிறுவனுக்கு அந்த ஒரு மணி நேரத்தைத் தரவல்லது பள்ளியின் விளையாட்டுத் திடலே. 2024 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம், பள்ளிகளில் விளையாட்டுத் திடல் இருத்தல் வேண்டுமென வலியுறுத்தி, அதற்கான நெறிமுறைகளை வகுக்குமாறு அரசைப் பணித்தது. உடற்பயிற்சி நேரத்தைக் கணிதப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் நீங்காத வரையில் தின்பண்டத் தடை அரைகுறை மருந்தாகவே இருக்கும்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு: பள்ளிகள் தம் வளாகத்தில் சத்தற்ற தின்பண்டங்களையும் இனிப்புப் பானங்களையும் விற்காமலிருத்தல் தகுதியுடையதே. அதனால் உண்ணும் பழக்கம் திருந்தும் என்பதற்குச் சான்றுண்டு. எடை உடனே குறையும் என்பதற்கு அத்தகைய சான்றில்லை. விலக்கப்படும் ஒவ்வொரு பண்டத்துக்கும் ஈடாக நல்ல பண்டமொன்று அதே இடத்தில், அதே விலையில் கிடைத்தல் வேண்டும். அளவுகோல் பண்டத்தின் பெயரை நோக்காமல், அதிலுள்ள சர்க்கரை, உப்பு, கொழுப்பு, புரதம் ஆகியவற்றை நோக்குதல் வேண்டும். விதி எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும்.

ஒரு தலைமுறைக்கு முன் பள்ளியில் அடுப்பு மூட்டியவர்கள், பசித்த குழந்தையை மட்டுமே எதிரில் கண்டனர். இன்று அதே அடுப்பங்கரையின் முன் மெலிந்த குழந்தையும் பருத்த குழந்தையும் தட்டேந்தி நிற்கின்றனர். இருவருக்கும் வேண்டுவது வெவ்வேறு உணவு அன்று. பயறும் கீரையும் முட்டையும் பழமும் அளவான சோறும் ஒருவனை வளர்க்கும், மற்றவனைக் காக்கும். ஒரே உணவு இருவகைக் குறைகளுக்கும் மருந்தாகும் இவ்வாய்ப்பைப் பள்ளியே பெற்றிருக்கிறது. அதனைப் பயன்படுத்திக்கொள்ளுதல் ஆசிரியர், பெற்றோர், அரசு ஆகிய மூவரின் கடமையாகும்.